இருட்டை நம்பிய டாங்கி: ஜப்பானின் சி-ஹாவும் மூன்று இரவுத் தாக்குதல்களும்

இரண்டாம் உலகப்போர் டாங்கிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் ஜெர்மனியின் டைகர், ரஷ்யாவின் டி-34, அமெரிக்காவின் ஷெர்மன் என்று நேரம் போவதே தெரியாது. ஜப்பான் என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் "அதெல்லாம் தகர டப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்தத் தகர டப்பாதான், சி-ஹா என்ற டாங்கிதான், 1942 ஜனவரி 7ஆம் தேதி மலாயாவில் ஒரு பிரிட்டிஷ் இந்திய டிவிஷனைச் சில மணி நேரத்தில் சிதறடித்தது. அதே வண்டிகள்தான் 1944 ஜூன் 17ஆம் தேதி சைபான் தீவில் வரிசையாக எரிந்து கிடந்தன. இரண்டு தாக்குதலும் தொடங்கியது ஏறக்குறைய ஒரே நேரத்தில், அதிகாலை மூன்றரை மணிவாக்கில். இவற்றோடு 1939இல் மங்கோலிய எல்லையில் நடந்த இன்னோர் இரவையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், இந்த வண்டி எங்கே ஜெயித்தது, எங்கே ஏன் தோற்றது என்பது பிடிபடும். சுருக்கமாகச் சொன்னால், இதன் இரும்புக் கவசம் 25 மில்லிமீட்டர். மீதிக் கவசம் இருட்டு.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம், இல்லாவிட்டால் பாதியில் குழப்பம் வரும். ஜப்பானிய ராணுவம் ஆயுதங்களுக்குத் தன் நாட்டு ஆண்டுக் கணக்கின் கடைசி இலக்கங்களை எண்ணாக வைத்தது. கி.பி. 1937 அவர்கள் கணக்கில் 2597, ஆகவே டைப் 97. 2600ஐத் தாண்டியதும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது, அதனால் டைப் 1 என்பது டைப் 97ஐவிடப் புதியது. அப்புறம் குறியீட்டுப் பெயர்: 'சி' என்றால் நடுத்தர டாங்கி, 'கே' என்றால் இலேசு டாங்கி, 'ஹோ' என்றால் பீரங்கி ஏற்றிய வண்டி. இரண்டாவது எழுத்து வரிசையைக் காட்டும், அதுவும் இ, ரோ, ஹா, நி, ஹோ, ஹே என்று போகும் பழைய அரிச்சுவடி வரிசை. ஆக நம் டைப் 97இன் பெயரான சி-ஹா என்றால் மூன்றாவது நடுத்தர டாங்கி. ஹா-கோ என்பது வேறு, அது 1935இல் வந்த டைப் 95 இலேசு டாங்கி: ஏழரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, 12 மி.மீ. கவசம், 37 மி.மீ. பீரங்கி, மூன்று பேர்.

1937: இரண்டு மாதிரிகள்

சி-ஹா கிட்டத்தட்ட வராமலே போயிருக்கும். பழைய டைப் 89 டாங்கி மிக மெதுவாக ஓடியது, லாரிகளோடு ஈடுகொடுக்க முடியவில்லை. அதற்கு மாற்றாக இரண்டு மாதிரிகள் போட்டி போட்டன. மிட்சுபிஷி கட்டியது சி-ஹா, 15 டன், நான்கு பேர், பீரங்கியோடு சுழலும் மேல்கூண்டில் இருவர். ஒசாகா ஆயுதச்சாலை கட்டியது சி-நி, 10 டன்னுக்குச் சற்றுக் குறைவு, மேல்கூண்டில் ஒரே ஆள். விலை குறைவு, எண்ணிக்கை கூட வாங்கலாம் என்று தலைமைத் தளபதி அலுவலகம் சி-நி பக்கம் சாய்ந்தது. பொறியாளர்களோ சி-ஹாதான் வேண்டும் என்று நின்றார்கள். 1937 ஜூலையில் பெய்ஜிங் அருகே மார்கோ போலோ பாலத்தில் சண்டை மூண்டு, சீனாவோடு முழுப்போரே தொடங்கிவிட, ராணுவத்துக்குப் பணம் கொட்டியது. சிக்கனப் பேச்சு நின்றது, சி-ஹா ஜெயித்தது.

அந்த ஆண்டின் கண்ணால் பார்த்தால் இது மோசமான தேர்வே இல்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1937இன் ஜெர்மன் பான்சர் 3 முதல் மாதிரிக்குக் கவசம் சுமார் 15 மி.மீ., பிரிட்டனின் ஏ13 குரூசருக்கு 14. சி-ஹாவுக்கு 25. இஞ்சின் காற்றால் குளிரும் 12 சிலிண்டர் டீசல், 170 குதிரைசக்தி. மஞ்சூரியாவின் உறைகுளிரில் ரேடியேட்டர் தண்ணீர் உறையும் தொல்லை கிடையாது, அடிபட்டால் பெட்ரோல்போலக் குப்பென்று பற்றாது. சாலையில் மணிக்கு 38 கி.மீ. ஓடும். ஹாரா தோமியோ என்ற ராணுவப் பொறியாளர் வடிவமைத்த சஸ்பென்ஷன் எளிமையானது, உறுதியானது.

குறை பீரங்கியில். 57 மி.மீ. என்று கேட்டால் பெரிதாகத் தெரியும், ஆனால் குழாய் குட்டை, குண்டு மெதுவாகப் போகும். இயந்திரத் துப்பாக்கிக் கூடுகளையும் மண்மூட்டை அரண்களையும் உடைக்க அது நல்ல பீரங்கி. இரும்பைத் துளைக்க அல்ல. சுடுபவர் தோளால் அழுத்தியே குழாயை இப்படி அப்படிக் கொஞ்சம் நகர்த்தலாம், கூண்டைச் சுழற்றாமலே. மேல்கூண்டின் பின்புறம் ஓர் இயந்திரத் துப்பாக்கி இருக்கும், அதை எதிரியை நோக்கித் திருப்ப வேண்டுமானால் கூண்டையே முதுகுப்பக்கம் சுழற்ற வேண்டும். காலாட்படையோடு கூடவே போய் அதன் வழியைத் திறந்துவிடும் வண்டிக்கு இது போதும், சீனப்படையிடம் டாங்கிகளும் அவற்றை அடிக்கும் பீரங்கிகளும் சொற்பமாக இருந்தவரை போதும் போதும் என்றே ஓடியது. எதிரி டாங்கி வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியைக் கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது, கேட்டுவிட்டுத் தள்ளிவைத்தார்கள்.

1939 ஜூலை: கால்கின் கோல்

தள்ளிவைத்த கேள்வி இரண்டே ஆண்டில் வந்து நின்றது. ஜப்பானியர் நோமோன்ஹான் என்றும் ரஷ்யர் கால்கின் கோல் என்றும் சொல்லும் அந்தப் போரில், தளபதி யாசுவோகா மசாவோமியின் கீழ் இரண்டு டாங்கி ரெஜிமெண்டுகள் இறங்கின. யோஷிமாருவின் 3ஆவது ரெஜிமெண்டில் பெரும்பாலும் பழைய டைப் 89, கூடவே நான்கே நான்கு சி-ஹா. தாமாதாவின் 4ஆவது ரெஜிமெண்டில் பெரும்பாலும் ஹா-கோ. எல்லாம் சேர்த்து எழுபது சொச்சம்.

ஜூலை 2ஆம் தேதி இரவு தாமாதா தன் இலேசு டாங்கிகளோடு இருட்டில் புகுந்தார். இடி, மின்னல், கொட்டும் மழை. மின்னல் வெட்டும்போது மட்டும் எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரியும், அப்புறம் மறுபடி இருட்டு. ரஷ்யப் பீரங்கி நிலைகளுக்குள் புகுந்து கலக்கிவிட்டு மிகச் சொற்ப இழப்போடு திரும்பினார்கள். 12 மி.மீ. கவசத்தோடு இதைச் செய்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. மறுநாள் ஜூலை 3, பட்டப்பகல், திறந்த புல்வெளி, யோஷிமாருவின் ரெஜிமெண்ட். ரஷ்யர்களின் 45 மி.மீ. பீரங்கி ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே இந்தக் கவசத்தைத் துளைக்கும். அந்தத் தூரத்தில் ஜப்பானியரின் 57 மி.மீ. குண்டு பட்டாலும் ரஷ்யர்களின் 'பிடி' (BT) ரக டாங்கியின் மெல்லிய கவசத்தைக்கூடத் துளைக்காது. ரஷ்யர்கள் தரையில் பியானோக் கம்பிச் சுருள்களை விரித்திருந்தார்கள், புல்லோடு புல்லாகக் கண்ணுக்கே தெரியாது. அவை சங்கிலிப் பட்டைகளில் சுற்றிக்கொண்டு வண்டியை நிறுத்திவிடும், நின்ற வண்டியைச் சுட்டுத்தள்ள நேரம் ஆகாது. யோஷிமாரு தன் சி-ஹாவிலேயே இறந்தார். பாதிக்கு மேற்பட்ட டாங்கிகள் அடிபட்டன, பலவற்றை இழுத்துவந்து சரிசெய்தார்கள் என்றாலும் சில நாளில் படையையே போர்முனையிலிருந்து திருப்பி அழைத்துவிட்டார்கள். இருப்பதே கொஞ்சம், அதையும் இழந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

இந்த ஆய்வுக்கு முக்கியமான இடம் இதுதான். ஒரே போர், அடுத்தடுத்த இரண்டு நாள், பகலுக்கு ஒரு முடிவு, இரவுக்கு ஒரு முடிவு. இதிலிருந்து இரண்டு பாடம் எடுத்திருக்கலாம். ஒன்று, பகலில் நிற்கக்கூடிய டாங்கி வேண்டும். இன்னொன்று, இரவில் அடித்தால் இருப்பதை வைத்தே சமாளிக்கலாம். முதல் பாடத்தை எடுக்கவில்லை என்று சொன்னால் அநியாயம்: நீளக் குழாயும் வேகமான குண்டும் கொண்ட 47 மி.மீ. பீரங்கியை உருவாக்கி, புதிய மேல்கூண்டில் பொருத்தி, ஷின்ஹோட்டோ சி-ஹா என்று கொண்டுவந்தார்கள். அது முதன்முதலில் சண்டைக்குப் போனது 1942 மே மாதம், பிலிப்பைன்ஸின் கொரெகிடோர் தீவில். அதாவது பாடம் படித்து மூன்று வருடம் கழித்து. இரண்டாவது பாடத்துக்கோ புதிதாக எதுவும் செய்யவேண்டியதில்லை, அதனால் அது உடனே உடம்பில் ஒட்டிக்கொண்டது.

1942 ஜனவரி 7: சிலிம் ரிவர்

மலாயாவில் பிரிட்டிஷ் தரப்பிடம் ஒரு டாங்கிகூட இல்லை. ஜப்பானின் 25ஆவது ராணுவத்திடம் இருநூறுக்கு மேல். காடும் ரப்பரும் நிறைந்த நாட்டில் டாங்கி எப்படி ஓடும் என்று பிரிட்டிஷார் நினைத்தார்கள், ஆனால் வடக்கிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் அருமையான தார்ச்சாலையைப் போட்டதே அவர்கள்தானே. இரு பக்கமும் ரப்பர்த் தோட்டங்கள், பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள். (இந்தச் சாலை விழுந்ததன் விலையை அவர்களில் ஏராளமானோர் பின்னால் சயாம் மரண ரயில் பாதையில் கட்டினார்கள், அது தனியே எழுத வேண்டிய கதை.)

மலாயாவின் வடக்கே ஜித்ராவிலிருந்து வாரக்கணக்கில் பின்வாங்கிக்கொண்டே வந்த 11ஆவது இந்திய டிவிஷன், துரோலாக்கிலிருந்து சிலிம் ஆற்றுப் பாலம் வரை சாலையை ஒட்டி நீளவாக்கில் நின்றது. முன்னால் 12ஆவது பிரிகேட்: ஹைதராபாத், பஞ்சாப் பட்டாலியன்கள், ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பட்டாலியன். பின்னால் கூர்க்காக்களின் 28ஆவது பிரிகேட். பல நாளாகத் தூக்கமில்லை, பகலில் ஜப்பானிய விமானங்கள் தலைக்கு மேலே. சிப்பாய்களில் பலர் இந்தப் போருக்கு முன் டாங்கியையே கண்ணால் பார்த்ததில்லை.

ஜப்பானிய வழக்கப்படி காலாட்படை காட்டுக்குள் சுற்றிப்போய்ப் பின்னாலிருந்து மடக்க வேண்டும். 6ஆவது டாங்கி ரெஜிமெண்டின் மேஜர் ஷிமாதா மறுத்துவிட்டு, நான் சாலையிலேயே நேராகப் போகிறேன், இரவில் போகிறேன் என்று அனுமதி வாங்கினார். சுமார் பதினேழு சி-ஹா, மூன்று ஹா-கோ, கூடவே பொறியாளர்களும் காலாட்படையும். முதல் தடுப்பை நீக்கினார்கள், அடுத்ததில் நின்றார்கள், கண்ணிவெடியில் ஒன்று போனது. ஆனால் சாலையை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் ரப்பருக்குள் அப்படியே கிடந்தன, தடுப்பைச் சுற்றி அந்த வழியாகப் புகுந்து மறுபடி சாலைக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்வது கஷ்டம். சாலையில் அணிவகுத்து நடந்துகொண்டிருந்த கூர்க்காக்களின் முதுகுக்குப் பின்னாலிருந்து டாங்கிகள் வந்தன. ஓய்வில் இருந்த பீரங்கிப் படைக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று சொல்ல ஒரு தொலைபேசிக் கம்பிகூட மிச்சமில்லை. லெப்டினன்ட் வாத்தானாபே பாலத்தில் இறங்கி, வெடிவைக்கப் போட்டிருந்த கம்பியை அறுத்துப் பாலத்தை முழுசாகக் கைப்பற்றினார். அதையும் தாண்டிப் போன டாங்கிகளை நிறுத்தியது பிரிட்டிஷ் தரப்பின் ஒரு ஹோவிட்சர் பீரங்கி. முப்பது மீட்டருக்கும் குறைவான தூரத்தில் வைத்து முதல் வண்டியை அடித்தது.

சுமார் 3,200 பேர் கைதிகள். ஆர்கைல் பட்டாலியனில் மறுநாள் தலை எண்ணியபோது நூறுகூடத் தேறவில்லை. நான்கே நாளில், ஜனவரி 11இல், கோலாலம்பூர் போனது.

இங்கே டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளே இல்லை என்று பலர் எழுதுவது சரியல்ல. இருந்தன, டாங்கிகள் வந்த நேரத்தில் வந்த இடத்தில் இல்லை. பிரிட்டனின் 2 பவுண்டர் பீரங்கிக்கு 25 மி.மீ. கவசம் ஒரு பொருட்டே அல்ல. இதற்குச் சாட்சி பதினோரு நாள் கழித்து, ஜனவரி 18, பக்ரி. ஜப்பானிய அதிகாரி கோதாந்தாவின் ஒன்பது ஹா-கோ டாங்கிகள் காலை வெளிச்சத்தில், துணைக்குக் காலாட்படை இல்லாமல், சாலையில் வந்தன. ஆஸ்திரேலியர்களின் இரண்டு 2 பவுண்டர்கள் ஒன்பதையும் முடித்துவிட்டன. முதலில் சுட்ட கவசம்துளைக்கும் குண்டுகள் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறிவிட, வெடிகுண்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். கால்கின் கோலின் இரவும் பகலும் மலாயாவில் அப்படியே திரும்ப நடந்தன. ஆனால் தோக்கியோவின் காதில் விழுந்தது சிலிம் ரிவர். சிங்கப்பூரே விழுந்த பிறகு பக்ரியை யார் நினைப்பார்கள்?

இரும்பு எங்கே போனது

வெற்றி கண்ணை மறைத்தது என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாது, ஏனென்றால் கண் தெரிந்தவர்களும் இருந்தார்கள். மலாயாவை ஜெயித்த அதே யாமாஷிதா தோமோயுகி, அதற்குச் சில மாதம் முன்பு ஜெர்மனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ராணுவத்தை நவீனமாக்காமல் பெரிய போரில் இறங்கக் கூடாது என்று சொன்னவர். பொறியாளர்களும் சும்மா இல்லை. ரிவெட்டுக்குப் பதில் வெல்டிங், 50 மி.மீ. கவசம், மேல்கூண்டில் மூன்று பேர், 240 குதிரைசக்தி என்று டைப் 1 சி-ஹே வரைபடத்தில் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வெளியே வரவே 1943 ஆகிவிட்டது, கட்டியது மொத்தம் இருநூறுக்கும் குறைவு.

காரணம் எஃகு. யமாத்தோ போர்க்கப்பலின் மூன்று பெரிய பீரங்கிக் கூண்டுகளில் ஒன்று மட்டுமே 2,500 டன்னுக்கு மேல். எடையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் நூற்று அறுபது சி-ஹா. கப்பலும் விமானமும் தின்றது போக மிச்சம்தான் டாங்கிக்கு. 1942இல் ஆயிரத்துச் சொச்சம் டாங்கி கட்டியதுதான் ஜப்பானின் உச்சம், அப்புறம் வருடாவருடம் இறங்குமுகம். 1943இல் அமெரிக்கா கட்டியது 29,000க்கு மேல். சி-ஹா எல்லா வகையும் சேர்த்து, போர் முடியும்வரை, சுமார் 2,100.

இதோடு எடைக் கட்டுப்பாடு வேறு. அகலம் குறைந்த ரயில்பாதை, கப்பலின் பாரம்தூக்கிகள், சீனத்து மரப்பாலங்கள், மிதவைப் பாலங்கள், எல்லாம் வண்டி பதினைந்து டன்னைத் தாண்டக் கூடாது என்று இழுத்துப் பிடித்தன. முப்பது டன் டாங்கியை வரைவது சுலபம், அதைப் பசிபிக் தீவில் இறக்குவது எப்படி?

1944 ஜூன் 17: சைபான்

இரண்டு நாளுக்கு முன்பு அமெரிக்க மெரீன்கள் கரையேறியிருந்தார்கள். கர்னல் கோட்டோ தாகாஷியின் 9ஆவது டாங்கி ரெஜிமெண்ட், சுமார் நாற்பது டாங்கிகள், சி-ஹாவும் ஷின்ஹோட்டோவும் ஹா-கோவும் கலந்து, முதுகில் காலாட்படையை ஏற்றிக்கொண்டு 6ஆவது மெரீன் ரெஜிமெண்டின் மேல் பாய்ந்தது. பசிபிக் தீவுகளில் ஜப்பான் நடத்திய மிகப்பெரிய டாங்கித் தாக்குதல் இது.

உத்தி அப்படியே ஷிமாதாவினுடையது: இருட்டு, வேகம், அதிர்ச்சி. மாறியது எதிர்ப்பக்கம். இஞ்சின் சத்தம் முன்பே கேட்டுவிட்டது, கம்பியும் வானொலியும் வேலை செய்தன. கடலில் நின்ற கப்பல்கள் வெளிச்சக் குண்டுகளைச் சுட ஆரம்பித்ததும் இருட்டு போய்விட்டது. அப்புறம் பசூக்கா. 1942இல் சாலையோரம் படுத்திருந்த சிப்பாய்க்கு டாங்கி பக்கத்தில் வந்தால் ஓடுவதைத் தவிர அதிக வழியில்லை, 1944இல் பக்கத்தில் வந்தால்தான் அவனுக்குச் சௌகரியம். தோளில் வைத்துச் சுடும் அந்த ராக்கெட் சி-ஹாவின் கவசத்தைப்போல மூன்று மடங்கைத் துளைக்கும். 37 மி.மீ. பீரங்கிகள், 75 மி.மீ. பீரங்கி பொருத்திய அரைச்சங்கிலி வண்டிகள், கடைசியில் ஷெர்மன்கள். சில ஜப்பானிய டாங்கிகள் வழி தெரியாமல் நடுவிலேயே நின்றன, அதிகாரி வெளியே எழுந்து நின்று வழி பார்க்க வேண்டியிருந்தது. எரிகிற ஒரு வண்டி அடுத்த வண்டிக்கு வெளிச்சம் காட்டியது. விடிந்தபோது குறைந்தது 24 டாங்கிகள் நாசம், கோட்டோவும் உயிரோடு இல்லை.

மூன்று இரவுகளையும் அருகருகே வைத்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. சி-ஹா ஜெயித்த இடங்களில் அதன் பீரங்கியும் கவசமும் சோதனைக்கே வரவில்லை. எதிரிக்குக் கண் தெரியாதது, தகவல் கிடைக்காதது, பயம், இவை வேலை செய்தன. ஆகவே சிலிம் ரிவரை வைத்து சி-ஹா நல்ல டாங்கி என்பதும், சைபானை வைத்து அது தகர டப்பா என்பதும் ஒரே மாதிரித் தப்பு. சைபானில் அதே இரவு ஒரு பான்சர் 3 ரெஜிமெண்ட் போயிருந்தாலும் முடிவு பெரிதாக மாறியிருக்காது என்பது என் கணிப்பு. மாறியிருக்க வேண்டியது உத்தி. காலாட்படை, பீரங்கி, டாங்கி மூன்றும் பேசிக்கொண்டு முன்னேறும் படையைத் தனியே வளர்க்கவே இல்லை. 1934இல் அதற்கென்று ஒரு கலப்புப் பிரிகேட் அமைத்தார்கள், சீனப்போரில் அதைத் துண்டு துண்டாகப் பிய்த்துப் பயன்படுத்திவிட்டு 1938இல் கலைத்தும்விட்டார்கள். டாங்கி டிவிஷன்கள் வந்தது 1942இல்தான்.

சைபானுக்குப் பிறகு பாதி புத்தி வந்தது. 1945 ஜனவரியில் பிலிப்பைன்ஸின் லூசோனில், மறுபடி யாமாஷிதாவின் கீழ், 2ஆவது டாங்கி டிவிஷன் வண்டிகளை மண்ணில் புதைத்துக் கூண்டு மட்டும் தெரிய வைத்து ஊர் ஊராகப் போரிட்டது. அசையும் ஆயுதத்தை அசையாத பீரங்கியாக்கியதால் அமெரிக்கர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள், ஆனால் டிவிஷன் அழிந்தது. உள்நாட்டில் டைப் 3 சி-நு, 75 மி.மீ. பீரங்கியோடு நூற்றைம்பது அளவு, அமெரிக்கா ஜப்பானில் இறங்கும் நாளுக்காகக் காத்துக்கிடந்தது, ஒரு குண்டும் சுடவில்லை. முப்பது டன் சி-தோ முடிந்தது இரண்டு, 37 டன் சி-ரி ஒன்றே ஒன்று, அதுவும் அரைகுறை.

சி-ஹாவின் கடைசிப் பெரிய சண்டை, ஜப்பான் சரணடைந்துவிட்டதாக வானொலியில் அறிவித்த மூன்றாம் நாள் நடந்தது. 1945 ஆகஸ்ட் 18, குரில் தீவுகளின் வடகோடியில் ஷும்ஷு. கரையேறிய ரஷ்யர்கள்மேல் கர்னல் இகேதா சுவேவோவின் 11ஆவது டாங்கி ரெஜிமெண்ட் பாய்ந்தது. இந்தத் தடவை இருட்டுக்குப் பதில் அடர்ந்த மூடுபனி. ரஷ்யர்களிடம் கரைக்கு வந்து சேர்ந்தது நான்கு 45 மி.மீ. பீரங்கிகளும் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகளும்தான், அவையே போதுமானதாக இருந்தன: இருபதுக்கு மேற்பட்ட டாங்கிகள் போயின, இகேதாவும் இறந்தார். மஞ்சூரியாவில் விட்டுச்சென்ற ஷின்ஹோட்டோ ஒன்றைச் சீனக் கம்யூனிஸ்ட் படை ஷென்யாங்கில் எடுத்துச் சரிசெய்து, 1948இல் ஜின்ஜோ முற்றுகையில் ஓட்டியது. 102 என்று எண் போட்ட அந்த வண்டிதான் 1949 அக்டோபர் 1ஆம் தேதி பெய்ஜிங் அணிவகுப்பில் டாங்கி வரிசையின் முன்னால் போனது. இப்போது அங்குள்ள ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.